காரணம்:

முன்னூற்றுப் பன்னிரண்டு கருவிகள்.
ஒன்றுக்கும் உடம்பு கிடையாது.
இல்லாத கம்பியில் இல்லாத மின்சாரம் ஓட,
உள்ளே இயங்கும் லினக்ஸ் மட்டும்
எல்லாம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது.

இவற்றில் எதையெல்லாம் பயனர்
தாமே செருகிக்கொள்ளலாம்
எதையெல்லாம் தொடக்கூடாது
வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும்.
ஈஜிபுரா, மூன்றாம் மாடி, மழை.
காலையிலிருந்து நான்கு முறை
கரண்ட் போய் வந்தாயிற்று.

வலையட்டை, சேர்க்கலாம்.
ஒலியட்டை, சேர்க்கலாம். இரண்டு வேண்டுமா, இரண்டு.
வட்டு, விசைப்பலகை,
யாரும் கேட்காத அந்தப் பழைய ஜாய்ஸ்டிக்
எல்லாம் வரட்டும்,
பலகையில் அவற்றுக்குத் துளை இருக்கிறது.

இன்டரப்ட் கன்ட்ரோலர், கூடாது.
நாற்பது கம்பிகள் அதற்கு.
எது எங்கே போகிறதென்று பலகைக்குத்தான் தெரியும்.
கட்டளை வரியில் அதன் பெயரைத் தட்டச்சு செய்யலாம்,
கம்பியைப் பிடித்துக் கோக்கும் விரல்
அங்கே இல்லை.

கடிகாரத்தில் நின்றுவிட்டேன்.
ஹுப்பள்ளி பாலிடெக்னிக்கில் மெஹ்ருன்னிசா
மாணவர்களுக்குக் காட்டலாமென்று
இரண்டாவதாக ஒரு கடிகாரம் சேர்த்திருக்கிறார்.
பட்டியலில் பெயர் இருந்தது, சேர்த்தார்.
இருபத்தாறு திரைகள் ஒரே நொடியில் செத்தன.
"நான் எங்கே தப்பு செய்தேன்?"
என்றுதான் எழுதியிருந்தார், கோபமாகக்கூட இல்லை.
கதவு என்று எழுதிவிட்டு
சுவரை வைத்தவர்கள் நாங்கள்.

"மொத்தத்தையும் மூடிவிடு" என்றார் திப்பேசாமி.
"கேட்பவர்களுக்கு ஒவ்வொன்றாகத் திறப்போம்."
கேட்கத் தெரியாதவர்கள்?
அதற்குள் அவர் டீக்குப் போயிருந்தார்.

ஏற்கெனவே மூடிக் கிடப்பவையும் உண்டு.
கூடாது என்று எழுதினால்
பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும், எங்கள் விதி.
பதினொரு கருவிகளுக்கு இன்பராஜ் எழுதியது
ஒரே காரணம்: இப்போதைக்கு வேண்டாம்.
இன்பராஜ் வேலையை விட்டுப் போய்விட்டான்.
அவனுடைய இப்போதைக்கு எட்டு வயது,
பள்ளிக்கூடம் போகும் வயது.

தடையை எடுத்துவிட்டுச் செருகிப் பார்த்தேன்.
ஆறு எழுந்து நின்றன.
மூன்று உடனே விழுந்தன.
ஒன்று அழகாக ஓடியது, ஒரு மணி நேரம்,
பிடுங்கியபோது பக்கத்து நினைவகத்தையும்
வேரோடு கொண்டுபோயிற்று.
வரவை மட்டும் பார்த்து அனுமதித்தால் இப்படித்தான்.

ஐந்தாம் முறை கரண்ட் போனது.

படிக்கட்டில் வீட்டுக்காரரின் பலகை,
தினமும் படித்துக்கொண்டே ஏறுவது:
இன்வெர்ட்டர் கூடாது.
இரண்டாவது கீசர் கூடாது.
ஆணி கூடாது.
ஏனோ அன்று இறங்கிப் போய்க் கேட்டேன்.
நஞ்சுண்டப்பா ஒன்றும் பேசாமல்
மீட்டர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார்.
மூன்று வீட்டுக்கும் ஒற்றை ஃபேஸ்,
கருகி, திரும்ப ஒட்டப்பட்ட அலுமினியக் கம்பி.
சரி, இன்வெர்ட்டரும் கீசரும் புரிகிறது. ஆணி?
டார்ச்சை அணைத்துவிட்டு யோசித்தார்.
"அது எங்கப்பா எழுதினது."
கொஞ்ச நேரம் கழித்து,
"சுத்தியல் இருக்கா உங்ககிட்ட?"

லேப்டாப்பில் இன்னும் முப்பது சதவீதம்.
ஆறையும் திறந்துவிட்டேன்.
கடிகாரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.
அப்படியும் எவராவது பெயரை அடித்தால்
திரை சாகாது, இது மட்டும் வரும்:
"இந்தக் கடிகாரம் பலகையோடு பிறக்கிறது.
தனியே சேர்க்க இயலாது."
இயலாது, கூடாது
இரண்டில் எதைப் போடுவதென்று
ஐந்து சதவீதம் செலவானது.

பதினொன்றில் ஒன்று மிச்சம்.
சில நாள் ஓடுகிறது, சில நாள் விழுகிறது.
ஒரே கட்டளை, ஒரே கணினி,
மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதையும் பார்த்துவிட்டேன்.
மூடித்தான் வைக்கிறேன்.
காரணம்: தெரியவில்லை.
கீழே என் பெயர், தேதி,
அடுத்து வருபவர் திட்டுவதற்கு வசதியாக
தொலைபேசி எண்.