மூடிய பிறகு

மூன்றாம் நாள் காலையும் சாவியைத் திருப்பினேன்.
டிக். டிக். பிறகு அதுவுமில்லை.
நரின் நகரில் மைனஸ் இருபத்தாறு.
வலப்பக்க ஸ்டியரிங் வைத்த பழைய ஹோண்டா,
ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்தபின்
கப்பலேறி, மலையேறி என்னிடம் வந்தது.

"பேட்டரி செத்துப்போச்சு" என்றான் கடைக்கார சூயுன்பாய்.
நாலாயிரத்து எண்ணூறு சோம் எண்ணிக் கொடுத்தேன்.
புதியதும் இரண்டே இரவில் படுத்தது.
"அப்படின்னா ஆல்டர்னேட்டர்" என்றான்
காரை எட்டிக்கூடப் பார்க்காமல்.
ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்ப்பவள் நான்,
அந்தக் குரலை நன்றாகத் தெரியும்.

யோசித்துப் பார்த்தேன்.
கழற்றி, ஐந்து மாடி சுமந்து,
சமையலறையில் படுக்கவைத்த இரவுகளில்
பேட்டரி தெம்பாகத்தான் விழித்தது.
காரோடு தூங்கிய இரவுகளில் மட்டும்
வெளிறிக் கிடந்தது.
சீக்கு அதனிடம் இல்லை.
யாரோ குடிக்கிறார்கள்.

மூன்றாம் மாடி மிர்கூல், பள்ளியில் இயற்பியல் எடுப்பவள்,
லேபிலிருந்து மீட்டர் கொண்டுவந்தாள்.
முகம் விரிசல்; டேப் ஒட்டியிருந்தது.
நெகடிவ் முனைக்கும் கம்பிக்கும் நடுவே
சுங்கச்சாவடி போல அதை நிறுத்தினோம்.
கதவின் பூட்டுநாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி
எல்லாம் மூடியாயிற்று என்று காரை நம்பவைத்தோம்.
"தொடாதே. அது தூங்கட்டும்."
நாற்பது நிமிடம். தெர்மாஸில் தேநீர்.
நோவோசிபிர்ஸ்கிலிருந்து புருஷன்
பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டதை
எண்களைப் பார்த்தபடியே சொன்னாள்.
நான் என்ன சொல்வதென்று தேடுவதற்குள்
"நானூற்று முப்பது மில்லி ஆம்பியர்" என்றாள்,
"இருபதே அதிகம்."

காயத்துப் பஞ்சு எடுக்கும் இடுக்கியால்
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
ஹாரன். நானூற்று முப்பது.
வைப்பர். அதே நானூற்று முப்பது.
விரல் மரத்து ஒன்றைப் பனியில் தவறவிட்டு
டார்ச்சடித்துத் தேடினோம்.
சின்னதாய், சிவப்பாய், பத்து ஆம்பியர்:
பிடுங்கியதும் பதினெட்டு.
"திரும்பப் போடு" என்றாள். நானூற்று முப்பது.
"எடு." பதினெட்டு.
இரண்டு பேரும் சிரித்தோம், எதற்கென்று தெரியாமல்.

அது உள்விளக்குகளின் ஃபியூஸ்.
கூரை விளக்கு அணைந்திருந்தது. டிக்கியும் இருட்டு.
ஃபியூஸை மாட்டிவிட்டு, சற்றுப் பொறுத்து,
உறை கழற்றி வெறுங்கையால்
டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே போனேன்,
சுரம் பார்ப்பதுபோல.
கையுறைப் பெட்டியின் மூடி
ஓரிடத்தில் வெதுவெதுவென்றிருந்தது.

போனை வீடியோவில் போட்டு உள்ளே வைத்து
மூடினேன். பத்து எண்ணினேன்.
எடுத்துப் பார்த்தால்
மூடி வருகிறது, சாத்திக்கொள்கிறது,
மஞ்சள் வெளிச்சம் இமைக்கக்கூட இல்லை.
இன்ஷூரன்ஸ் காகிதம், பாதி சாக்லேட்,
எல்லாவற்றுக்கும் இரவு முழுக்கப் பகல்.

மூலையில் மாட்டியிருந்தது
கட்டைவிரல் அகலப் பட்டுப் பை ஒன்று.
தங்க நூலில் எனக்குப் புரியாத எழுத்து.
போன வாரம் தோலோன் கணவாயில் குலுங்கியபோது
எந்த இடுக்கிலிருந்தோ நழுவியிருக்கும்.
அதனால் மூடி, விளக்குப் பொத்தானை
அழுத்த ஒரு அரிசி அளவு குறைந்தது.
மிர்கூல் போனைக் காட்டி மொழிபெயர்த்தாள்:
பயணக் காப்பு.

வேலி பயிரை மேய்ந்தது எனலாம்.
சொல்ல மனம் வரவில்லை.
முன்பின் தெரியாத ஒருத்திக்குக் காவல் நின்றது அது,
விளக்கை வைத்துக்கொண்டு.
கதவுப் பையில் வைத்துக்கொண்டேன்.

சூயுன்பாய் பேட்டரியைத் திரும்ப எடுக்கமாட்டானாம்.
பழையது சமையலறையில் இருக்கிறது, தெம்பாக.
சரிபார்க்க எடுத்த இரண்டாவது வீடியோவை
இன்னும் அழிக்கவில்லை:
ஏழு நொடி கறுப்பு.
வெளியிலிருந்து மிர்கூலின் குரல் மட்டும்,
"அணைஞ்சிருக்குமா?"