ஏழாம் றீல்

எங்களுக்குத் தெரிந்த உப்புச் சாத்தனுக்கு
ஒரு கால் இழுக்கும். முகம் நிறைய அம்மைத் தழும்பு.
பண்டகசாலைக் கூரையைப் பிரித்து
மாரி இரவில் கடகத்தில் உப்புச் சுமந்தான்.
ஒழுகியது விடிய வெயிலில் காய்ந்து
அவன் படலைவரை வெள்ளைக்கோடு.
கோட்டைப் பிடித்து வந்து அவனைப் பிடித்தார்கள்.
புளியமரத்தில் தூக்கு.

படத்தில் அவனுக்கு வெள்ளைக் குதிரை.
அரும்பு மீசை. முழங்கால்வரை சப்பாத்து.
சரவிளக்கில் தொங்கி ஆடி
ஏழு பேரைப் படிக்கட்டால் உருட்டி
எட்டாவது ஆளின் தொப்பியை வாள்முனையில் எடுத்து
இளவரசிக்கு நீட்டினான்.
"குதிரைக்கு ஆர் புல்லுப் போட்டது?" என்றாள் நவமணி,
கச்சான் கோதை என் மடியில் கொட்டி.
நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் றீல் முடிய, வெறும் திரை.
படம் ஒன்று, கொட்டகை இரண்டு:
சுன்னாகத்தில் ஓடி முடிந்த றீல்
சைக்கிளில் யாழ்ப்பாணம் வரவேண்டும்.
கலரி வாங்குகளை உதைத்தது.
ஒருவன் குடையை உருவிக்கொண்டு வாங்கில் ஏறி
மிச்சக் கதையைத் தானே நடித்தான்.
சோடாக்காரப் பெடியன் அவனுக்கு எதிரி.
மனேச்சர் கும்பிட்டார்:
"கோண்டாவில் கேற் பூட்டியிருக்கு. இந்தா வாறான்."

வந்தான் குணசிங்கம்.
சாரம் நனைந்து, செயின் கிறீஸ் அப்பி,
முழங்காலில் இரத்தம், ஒரு காலை இழுத்துக்கொண்டு,
தலையில் இரண்டு தகரப்பெட்டி.
சீமெந்துத் தரையில் அவன் பின்னால்
ஒழுகி ஒரு கோடு.
நவமணி என் கையைக் கிள்ளினாள்.

அவசரத்தில் ஒப்பரேற்றர் எட்டை முதலில் போட்டார்.
அறுந்த கயிறு கழுத்தில் ஆட
சாத்தன் குதிரையில் பாய்ந்தான்.
எங்கே கட்டிய கயிறு, ஒருவருக்கும் விளங்கவில்லை.
வாழைமரம், மேளம், தாலி, சுபம்.
எழும்பிச் செருப்புத் தேட
ஏழு தொடங்கியது.
கலியாணமும் முடிந்த மனிசன் பிடிபட்டான்.
விலங்கு, விசாரணை,
கடதாசி இலையோடு புளியமரம்கூட இருந்தது.
சுருக்கு இறங்கியது. முகம் திரை முழுக்க.
பிறகு றீலின் வால்
டப் டப் என்று அடித்துக்கொண்டேயிருந்தது.

ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.
குடைக்காரன் குடையை மடித்தான்.

வாசலில் குணசிங்கம்
பெட்டிகளைக் கரியரில் கட்டிக்கொண்டு நின்றான்,
இரண்டாம் காட்சிக்குத் திரும்பிப் போக.
ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லையாம்.
"கடைசியில என்ன அக்கா நடக்குது?"
"கலியாணம். பிறகு தூக்கு" என்றாள் நவமணி.
பார்த்ததைத்தான் சொன்னாள்.
அவன் தலையாட்டினான், தெரிந்த கதைதானே என்பதுபோல.
நோகும் காலைத் தூக்கிப் போட்டு ஏறி
லைற் இல்லாமல் கே.கே.எஸ். வீதியில் திரும்பினான்.
மழை இன்னும் விட்டபாடில்லை.