வெண்டிக்காய் வெள்ளி

கறிக்கு வாங்கியதில் முற்றலை ஒதுக்கி வைத்தேன்.
பிஞ்சு வழுக்கும், மை பிடிக்காது.
முற்றின வெண்டிக்காயின் காம்புப் பக்கம்
ஒரே வெட்டு.
ஐந்து அறை, ஐந்து முனை.
கத்தி நுனியால் விதையைத் தோண்டிவிட்டால்
பெத்லகேம் மட்டும் போய்வரக்கூடிய வெள்ளி.

தாள் பெனில்டஸ் கொண்டுவந்தது.
சீனக்குடா ஆலையில் கிழிந்துபோன சீமெந்துப் பைகள்.
வெளி மடிப்பில் எழுத்து,
உள் மடிப்பில் தூள்,
நடு மடிப்பு மட்டும்
ஒருவரும் தொடாத மண்ணிறம்.
தட்டித் துடைத்து, பழஞ்சாரத்தை மேலே விரித்து
இஸ்திரிக்கை போட்டேன்.
வீடு முழுக்கப் புதுச்சுவர் மணம்.

கடையில் பளபளாத் தாள் இருக்கு,
ஒன்று நூற்றியிருபது.
எங்களுக்குப் பதினொரு பொதி.
பொதிக்குள் என்ன என்று கேட்கவேண்டாம்:
சவர்க்காரம் இரண்டு, ஒரு கைலேஞ்சி,
றிஸ்மியா வீட்டுக்கு
பிராந்தி விடாத கேக் அரை இறாத்தல்.
உள்ளே கொஞ்சமாய் இருக்கிற வருசம்
வெளியே கொஞ்சம் மினக்கெடத்தான் வேணும்.

மஞ்சள் தூளை மாப்பசையில் குழைத்தேன்.
மண்ணிறத்தில் மஞ்சள் எடுபடாது என்றாள் டிலோஷனா.
இரண்டு தரம் அமத்தினால் எடுபடும்.
அவளுக்கு உடுப்புக்குப் போடுகிற நீலம்,
தேய்ந்த பாட்டாச் செருப்பின் குதிப்பக்கம்,
தகப்பனின் பிளேட்.
‘நத்தார்’ என்று பேனையால் எழுதி
சுற்றிவரச் செதுக்கினாள்.
ஒரு மணித்தியாலம், நாக்கு வெளியே.
போத்தல் மூடியில் ஒட்டி
தோய்த்து, அமத்தி, எடுத்தாள்.

எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றன
எழுத்துகள்.

அழுவாள் என்று பார்த்தேன்.
தாளைத் தூக்கிக்கொண்டுபோய்
அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள்.
அங்கே நத்தார் சரியாக இருந்தது.
“கண்ணாடி இருக்கிற வீடுகளுக்குக் குடுப்பம்” என்றாள்.
எல்லாத் தாளிலும் அதையே அமத்தினாள்.

மழை ஒன்பதாவது நாளாக விடவில்லை.
முன்தாழ்வாரத்தில் கயிறு கட்டி
உடுப்புக் கவ்வியால் தாள்களைக் கொழுவினோம்.
கடற்காற்றில் ஒன்றும் காயாது,
உப்புத்தான் ஏறும்.
விடியப் பார்த்தால்
மூன்று தாளின் கீழ்ப்பாதிகளைக் காணோம்.

கேற் பூட்ட மறந்தது நான்தான்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
டைக் வீதி தன்னுடையது என்பதுபோல் நின்று
ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது.
கடைவாயில் மஞ்சள்.
மாப்பசை ருசித்திருக்கும்.
சூ, சூ, அது சீமெந்துத் தாளடி,
வயிற்றுக்கு ஆகாது!
தும்புத்தடியோடு ஓடினேன்.
கடைசியாக ஒரு வெள்ளியை விழுங்கிவிட்டு
அது மெதுவாகத்தான் போனது.

விழுந்துகிடந்த தாளொன்றில்
சேற்றுக் குளம்பு:
பிளந்த கோப்பிக்கொட்டை மாதிரி இரண்டு பாதி,
ஓரம் பிசகாமல்.
நாங்கள் மூன்று இரவு வெட்டியதில் ஒன்றும்
இவ்வளவு சுத்தமாய் விழவில்லை.
அதை எறியவில்லை.
காய்ந்த பிறகு றிஸ்மியாவின் கேக்கைச் சுற்றினேன்,
குளம்பு மேலே தெரியும்படி.

இருபத்திநாலாம் திகதி பின்னேரம் கொண்டுபோனோம்.
நகத்தால் பசைநாடாவைக் கிளப்பி
மடிப்புக் கலையாமல் பிரிக்கப் பார்த்தாள் றிஸ்மியா.
அதற்குள் அவளுடைய அக்மல் பறித்து
சர்ரென்று ஒரே இழுவை.
மூன்று இரவும் அந்தச் சத்தத்துக்குள் போனது.
எனக்கு நெஞ்சு திக்கென்றது, பொய் சொல்லவில்லை.
பிறகு பார்த்தால்
குளம்பு இருந்த துண்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு
மதிலைச் சுற்றி ஓடுகிறான்,
பின்னால் டிலோஷனா.
கேக் பெட்டி திறக்காமல் கதிரையில்.

நடுச்சாமப் பூசையில்
நன்மை வாங்க நீட்டின என் உள்ளங்கை மஞ்சள்.
எத்தனை தரம் கழுவியும் போகவில்லை.
சுவாமி ஒரு கணம் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
எனக்கு அடுத்ததாக
நீலக் கையொன்று நீண்டது.