நான் விரும்பி

வாயிற்கதவு என்னுடையதல்ல.
சம்பளம்தான் என்னுடையது,
அதையும் மாதம் பிறந்ததும்
வீட்டுக் கடனுக்கு வங்கி எடுத்துக்கொள்கிறது.
ஆகவே சட்டம் வந்த திங்கட்கிழமை
மாயேபூர் ஆஸ்பத்திரியின் இரும்புக் கதவருகே
அட்டை கேட்பவன் ஆனேன்.

டாக்டர் காட்டினார். சமையல்காரி காட்டினாள்.
பிணவறைக்காரர் காட்டிவிட்டுச் சொன்னார்:
"உள்ளே படுத்திருக்கிறவர்களிடமும் கேட்டுவிடு."

லோகேன் அப்பாவு காட்டவில்லை.
பதினொரு வருஷம்
சிறுநீரக வார்டுக்குச் சக்கர நாற்காலி தள்ளியவன்.
ஊசிக்குப் பயந்தான் என்று யாரும் சொல்ல முடியாது.
"தைப்பூசத்துக்கு நூற்றெட்டு குத்திக்கொண்டாயே" என்றேன்.
"முருகன் என்னிடம் படிவம் நீட்டவில்லை" என்றான்.

படிவம் சட்டைப்பையில் நான்காக மடிந்திருந்தது.
பிரித்து, கையெழுத்துக்கு மேலிருந்த வரியில் விரல் வைத்தான்:
என் சொந்த விருப்பத்தின் பேரில் இதை ஏற்கிறேன்.

"கட்டாயம் என்றால் கட்டாயம் என்று எழுதட்டும்.
கையை நீட்டுகிறேன், குத்தட்டும்.
இந்த வரிக்கு என் பெயரை ஏன் கேட்கிறார்கள்?
நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால்
விரும்பியவன் நானாகிவிடுவேன்."

நர்ஸிடமும் இதையே சொன்னானாம்.
கையெழுத்தில்லாமல் குத்தச் சட்டமில்லை.
குத்தாமல் உள்ளே விடச் சட்டமில்லை.
நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு
இடமிருந்தது. அங்கே நின்றான்.

நான் போட்டிருக்கிறேன் கையெழுத்து.
விருப்பம் என்ற சொல்லை அன்று பார்க்கவேயில்லை,
பேனாவுக்காகப் பின்னால் ஒருவர் தோளை இடித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய், வியாழன், சனி
ப்ளேன் மான்யாங் வேன் வரும்.
சம்பளமில்லாமலே வந்து
மதாம் எர்னெஸ்தினை இறக்குவான் லோகேன்,
மஞ்சள் கோடு வரை தள்ளுவான்.
அங்கிருந்து நான்.
கைப்பிடி மாறுகையில்
எங்கள் விரல்கள் தொடாமல் பார்த்துக்கொள்வோம்.

நான் தள்ளினால் பாதையின் எல்லாக் கல்லும்
அவள் முதுகில் ஏறும்.
அவன் காது எட்டாத தூரம் வந்ததும் பேசுவாள்:

"வாரத்துக்கு ஆறு குத்து, ஆணித் தடிமன்.
விருப்பமா என்று யாரும் கேட்டதில்லை,
கேட்டால்தான் என்ன சொல்வேன்.
அவன் காட்டிய வரியை நானும் படித்தேன். பொய்தான்.
மூன்றாம் கட்டில் முஸ்யே காஸிம்
போன செவ்வாய் இருமினார்.
இன்றைக்கு அந்தக் கட்டிலில்
என் பையை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்."

மேலே ஏதாவது சொல்வாள் என்று
வார்டு வரை காத்திருந்தேன்.

நேற்று மழை. லோகேனைக் காணோம்.
மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறானாம்,
வேன் ஓட்டுநர் சொன்னான்,
அங்கேயும் அடுத்த மாதம் அட்டை கேட்பார்களாம்.

மதாமை நானே இறக்கினேன்.
மஞ்சள் கோட்டில் தண்ணீர் நின்றிருந்தது,
கோடு தெரியவில்லை.
"இந்த இடத்தில் அவன்
கொஞ்சம் இடப்பக்கம் ஒடிப்பான்" என்றாள்.
ஒடித்தேன்.