வருகையின் நோக்கம்

விசா வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.
வெறுங்கையோடு போகலாம் என்று
நானாகக் கேட்டுக்கொண்டேன் போலிருக்கிறது.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இளம்பரிதி
திரையைப் பார்த்தபடியே கேட்டான்:
பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்கா?
இருந்தது. ஏழு மாதமும் சில்லறையும்.
எனக்கு இருக்கிறதா என்று படிவம் கேட்கவில்லை.

குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால்
பக்கம் சிவந்துபோய் நின்றது.
அப்பா பெயரைப் போட்டோம்.
கோதண்டபாணி, செத்துப் பதினோரு வருஷம்,
விழுப்புரம் தாண்டாதவர்,
பினாங்குக்கு என் பின்னால் கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும் டிக்கெட் கட்டாயம்.
போவதற்கு முன்பே வந்துவிட வேண்டும், காகிதத்தில்.
நமக்கு இதொன்றும் புதிதில்லை.
துறைமுகத்தில் லாஞ்ச் ஏறுகிறவன்
போறேன் என்று வாய்தவறினால் விடமாட்டார்கள்,
போயிட்டு வரேன் என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள்.
அந்த 'வரேன்' மட்டும் எனக்கு
ஏழாயிரத்து நானூறு ஆனது.

அப்புறம் பணம்.
செலவுக்கு அல்ல, காட்டுவதற்கு.
என் கணக்கில் இருந்ததை இளம்பரிதி
மெதுவான குரலில்தான் படித்தான்.
ஐஸ் ஃபாக்டரி தவமணியக்கா
சீட்டு எடுத்த கையோடு அறுபதாயிரம் போட்டுவிட்டாள்.
தொடாதே, பாக்கட்டும், அவ்ளோதான்.
கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய நெக்லஸ் மாதிரி
ஒன்பது நாள் அது என் மேல் கிடந்தது.
குனியக்கூடப் பயந்தேன்.

வருகையின் நோக்கம் என்று ஒரு வரி.
சுற்றுலா, வியாபாரம், உறவினர், மற்றவை.
மீன் ஏலத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
வஞ்சிரம் எத்தனை கூடை, எவன் பாக்கி,
நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
இதற்கு வாய் வரவில்லை.
சும்மா, என்றேன்.
சும்மாவுக்குக் கட்டம் இல்லக்கா, என்றான்.

சுற்றுலாவில் டிக் போட்டோம்.
பஸ்ஸில் மரக்காணம் வரும்வரை முணுமுணுத்தேன்:
ஃபைவ் டேஸ் சார். டூரிஸ்ட் சார். அலோன் சார்.

சென்னையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
தமிழிலேயே கேட்டார்.
தனியாவா?
தனியாத்தான்.
வீட்ல தெரியுமா?
நாற்பத்தெட்டு வயசு சார், வீடே நான்தான்.
அவரிடமும் அதற்குக் கட்டம் இல்லை.
முத்திரையைக் குத்தினார்.

பினாங்கில் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண்.
விரலை வை. கேமராவைப் பார்.
பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து
ஹோட்டல் காகிதமும் பாங்கு ஸ்டேட்மென்ட்டும்
பாதி வெளியே வந்திருந்தன.
அவள் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.
தவமணியக்காவின் அறுபதாயிரத்தையாவது
ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

மூன்றாம் நாள் காலை
அந்த ஊர் மீன் மார்க்கெட்டில் போய் நின்றேன்.
பழக்கத்தில் கூடைகளை எண்ணினேன்.
பதினேழில் தப்பிவிட்டது.
தப்பினால் என்ன.
யாருடைய கணக்கோ, யாரோ எழுதுவார்கள்.
ஈரத்தரையில் செருப்பை நகர்த்தி நகர்த்தி
ஒரு மணி நேரம் நின்றேன்.
அந்தப் படிவத்தை இப்போது கொடுத்தால்
ஓரத்தில் கையால் எழுதித் தந்திருப்பேன்.

முப்பது நாள் தங்கலாம் என்று போட்டிருந்தார்கள்.
ஐந்தைத்தான் எடுத்தேன்.
அறுபதாயிரத்தைத் திருப்பிவிட்டேன், அக்கா சரிபார்த்துவிட்டாள்.
மீதி இருபத்தைந்து நாளை
எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல்
கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, நாலரை மணி, துறைமுகம்.
பனிக்கட்டி உடைக்கும் சத்தத்துக்கு மேலே
ஏலம் கூவும் அந்தோணிசாமி கேட்டான்:
என்னக்கா, ஒரு வாரமா ஆளையே காணோம்?
சும்மா, என்றேன்.
சரிக்கா, என்றவன்
அடுத்த கூடைக்குப் போய்விட்டான்.