பதினொரு புள்ளடி

எட்டுப் பேர் வேணுமாம்.
ஏழு பேரோடு கடைக்கு வந்தார் மீட்டர் குணரெத்தினம்.
மழைக்கு முந்தின புழுக்கம்.
செங்கலடிச் சந்தியில் பதுளை பஸ் ஹோன் அடித்துக்கொண்டு நின்றது.
அடையாள அட்டைகளைக் கொப்பி எடுத்தபடி
"எட்டாவது ஆர்?" என்றேன்.
அவர் என் மெசினைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.

"பேர் மட்டும்தான்கா.
நீ ஒண்டும் பேசத் தேவையில்ல."

இருபத்தாறு வருசம் மின்சாரசபையில் மானி பார்த்துப்
பென்சன் எடுத்தவர்.
எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும்,
எந்தப் படலைக்குப் பின்னால் மீன் கொதிக்கிறது,
எதற்குப் பின்னால் அடுப்பே எரியவில்லை
எல்லாம் தெரியும் அவருக்கு.
ஒரு கட்சி எங்கள் காயத்தைக் காட்டி வாக்குக் கேட்டது.
மற்றது தார் ரோட்டைக் காட்டி.
இவர் கேட்டது
கரடியனாற்றுப் பக்கம் யானைவேலிக்கு
இரவில் நிற்காத கரண்ட்.
அவ்வளவுதான்.

சின்னத்துக்குச் சீட்டு இழுத்தார்கள்.
கத்தரிக்கோல் விழுந்தது.
கச்சேரி வாசலிலேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது,
சிவப்பு நோட்டீஸ் ஒட்டித் திரிந்தவருக்குக் கத்தரிக்கோலா!
சித்தாண்டியில் ஒருத்தி படலையைத் திறக்காமலே கேட்டாள்:
"அப்ப கரண்ட வெட்டினாய்,
இப்ப என்னத்த வெட்ட வாறாய்?"
குணரெத்தினம் தலையைச் சொறிந்தார்.
"வெட்டின அண்டைக்கு நான் சோறு தின்னல்ல" என்றார்.
அவள் நம்பவில்லை. நானும்தான்.
ஆனாலும் துண்டுப்பிரசுரத்தை வாங்கிக்
கோழிக்குஞ்சு மூடிய கூடையில் செருகினாள்.

இரவில் கோதுமைப் பசையால் நாங்கள் ஒட்டியதன் மேல்
விடியுமுன் இரண்டு பெரிய முகங்கள் சிரித்தன.
மூன்றாவதாய் ஒருவன் நிற்பது
வாக்கைப் பிரிக்கத்தான் என்றது ஒரு மேடை.
மற்ற மேடையும் அதையேதான் சொன்னது.
அந்த ஒரு விசயத்தில் அவர்களுக்குள் சண்டையில்லை.

அகரவரிசை பொல்லாதது.
கடைசியாய்ச் சேர்ந்த அழகையா அமிர்தகலாவுக்கு
இலக்கம் ஒன்று.
கூட்டி வந்தவருக்கு ஐந்து.
"கத்தரிக்கோலுக்கு ஒரு புள்ளடி, ஐந்துக்கு ஒரு புள்ளடி"
மூன்று கிழமை தொண்டை கட்டக் கத்தினேன்.
என் இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை,
என் புருசனுக்குக்கூட.
மறைப்புக்குள் போய் நானும்
ஐந்துக்குத்தான் போட்டேன்.

இந்துக் கல்லூரியில் விடிய விடிய எண்ணினார்கள்.
வாவிப் பக்கமிருந்து நுளம்பு.
நானூற்றுப் பன்னிரண்டு.
கட்டுப்பணம் போனது.
குணரெத்தினம் சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்து,
பழக்கதோசம்,
உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்: 412.
"போன மாதத்தைவிடக் கூட" என்றார்.
போன மாதம் சைபர்.

விருப்பு வாக்குத் தாள் பின்னேரம்தான் வந்தது.
அழகையா அமிர்தகலா: பதினொன்று.

பிழையாய் விழுந்திருக்கும்.
ஒன்றாம் இலக்கம், கண் முதலில் போகிற இடம்,
கைநடுக்கக்காரர், கண்ணாடியை மறந்து வந்தவர்.
அப்படியே பதினொரு பேருமா?

கடை திறந்தாயிற்று. டோனர் முடிகிறது.
பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடு வருகிறவளை,
சமுர்த்திப் படிவத்தோடு வருகிறவனை
கொஞ்சம் கூடுதலாய்ப் பார்க்கிறேன்.
மிச்சக்காசு வைக்கும்போது விரலைப் பார்க்கிறேன்.
ஊதா மை நகத்தோடு வளர்ந்து
வெளியே போய்க்கொண்டிருக்கிறது, எல்லோருக்கும்.

நேற்று ஒருத்தி, கிரான் பக்கத்தாள்,
இரண்டு கொப்பிக்கு நாற்பது ரூபா தந்துவிட்டுப்
போகாமல் நின்றாள்.
"என்னகா?"
"ஒண்டுமில்ல.
அடுத்தமுறையும் கத்தரிக்கோல்தானா?"
சீட்டு விழுகிறபடிதான் என்று நான் சொல்லுமுன்
பஸ் வந்துவிட்டது.

கணக்குக் கொப்பியின் ஓரத்தில்
ஒரு புள்ளடி போட்டேன்.
பென்சிலால்.