எண்ணூறு கிலோமீற்றர்

நானூற்றொன்றுப் பக்கம் தலை வைத்தும் படுக்காதேங்கோ
என்றான் யூஜின், கையைத் துடைத்தபடி,
கையைவிடக் கறுத்த துணியால்.
எண்ணூறு கிலோமீற்றர் ஊருக்குள்ளேயே ஓடுங்கோ.
நில், போ, நில், போ.
சிவப்பு விளக்கு எவ்வளவு விழுதோ அவ்வளவுக்கு நல்லது.

என்னைவிட ஆறு வயது இளையவன்.
இரண்டாயிரத்து நூற்றுப் பத்து டொலர், வரி தனி.
வீட்டில் ஆயிரத்து நூறு என்று சொல்லியிருக்கிறேன்.
அந்தப் பொய்யும் இன்னும் படியவில்லை.

புதுத் தட்டு, புது ஃப்ளைவீல்.
பார்வைக்கு இரண்டும் வழவழப்பு,
தொட்டுக்கொண்டால் மேடும் பள்ளமும் முட்டும்.
கலியாணம் மாதிரித்தான் அக்கா, என்றான்.
நான் சிரிக்கவில்லை.
எனக்கும் குகதாசுக்கும்
எண்ணூறு கிலோமீற்றர் எவன் தந்தான்?
மூன்றாம் நாளே நெடுஞ்சாலை.

பெடல் கல்.
இடது கெண்டைக்கால் நள்ளிரவில் முறுகி எழுப்பும்.
முதற் காலை, ஸ்காபரோவில் ஏப்ரலிலும் விடாத குளிர்,
காலை எடுத்ததும் கார் முழுக்க உதறியது.
பின்னிருக்கையில் சாம்பவி:
அம்மா, இதுக்குக் காய்ச்சலா?

இருபது வருடம் நெரிசலைத் திட்டியவள்
இப்போது தேடிப் போகிறேன்.
ஐந்து மணிக்கு ஃபிஞ்ச், ஐந்தரைக்கு மெக்கோவன்.
பள்ளிப் பேருந்தின் பின்னால் வேண்டுமென்றே ஒட்டிக்கொண்டு
அதன் ஒவ்வொரு நிறுத்தத்தையும்
எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.
வேலையிடத்து லூர்தெஸைப் பல்வைத்தியரிடம் விட்டேன்.
மச்சாளின் இடியப்பப் பார்சல் பன்னிரண்டு வீட்டுக்கு.
கோயிலுக்குப் போகாதவள்
இரண்டு கோயில் வாசலில் ஆள் இறக்கினேன்.
சம்பல் வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம்,
கடதாசி கருகுவதுபோல்.
லூர்தெஸ் கண்ணாடியை இறக்கினாள், ஒன்றும் கேட்கவில்லை.

டாஷ்போர்டில் ஒட்டிய மஞ்சள் துண்டில்
நூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று நாற்பது.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறில்
எக்ளிண்டன் விளக்கடியில் பக்கத்தில் வந்து நின்றது
கறுப்பு மஸ்டாங்.
பையன் எஞ்சினை இருமுறை உறுமவிட்டான்.
என் சுபாருவின் முதுகுச் சிறகைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்,
சிறகு யாருடையது என்று கணக்குப் போடுவதுபோல்.
வலது பாதம் ஒரு கணம் கனத்தது.
இன்னும் இருநூற்று நாலு, தம்பி,
என்றேன் கண்ணாடிக்குள்.
பச்சை.
அவன் போயே போய்விட்டான்.
நான் இரண்டாயிரம் சுற்றைத் தாண்டாமல்
மரக்கறி லொறியாய்க் கிளம்பினேன்.
பின்னால் ஹோர்ன், அதற்கும் பின்னால் இன்னொன்று.

உதறல் எப்போது நின்றது என்று கேட்டால் தெரியாது.
ஒரு மாலை சாம்பவி தூங்கிப்போயிருந்தாள்.
ஒன்பது விளக்கில் நின்றோம், ஒன்பது தரம் கிளம்பினோம்.
அவள் எழும்பவில்லை.

எண்ணூறைப் பார்க்கக் காத்திருந்து
தவறவிட்டேன்.
கோப்பி வரிசையில் முன்னால் ஏழு கார்,
காசு நீட்டும்போது கண் தட்டியது: எண்ணூற்று மூன்று.
யூஜினுக்கு எழுதினேன், முடிஞ்சுது.
உடனே பதில்: இனி ஏறுங்கோ.

ஏறுபாதையில் இரண்டாம் கியர்.
அடிவரை மிதித்தேன்.
கோப்பி மடியில் கொட்டியது, முதுகு இருக்கைக்குள் போனது,
தட்டு துளி வழுக்கவில்லை.
ஐந்து விநாடி இருக்கும்.
ஆறாவதில் நானூற்றொன்று,
கண் எட்டும்வரை சிவப்பு.

நில், போ.
ஈரச் சேலைபோல் ஒட்டிய காற்சட்டையோடு
பிக்கரிங் வரை ஊர்ந்தேன்.
பெடல் எங்கே பிடிக்கும் என்று
காலுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

இரவு சாப்பாட்டு மேசையில்
ஆயிரத்து நூறை ஆயிரத்து நானூறு ஆக்கினேன்.
குகதாஸ் நிமிர்ந்து பார்த்தான்,
பருப்பை இழுத்துப் போட்டுக்கொண்டான்.
மீதியை
அடுத்த வாரம்.
சடாரென்று விடக்கூடாது.